என்ஜின் மாற்றிய பழைய வண்டியில் பெல்ட், புல்லி கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஷெட்டுகளில் என்ஜின் மாற்றத்துக்கு வரும் பழைய வண்டிகள் பெரும்பாலும் மூன்று வகை. 1489 சிசி அம்பாசடரில் இசுசு 1817 சிசி பெட்ரோல் ஏற்றுவது, 1089 சிசி பத்மினியில் பிரீமியர் 118 என்.இ. காரின் 1171 சிசி நிசான் என்ஜினை உட்கார வைப்பது, ஜீப்பில் பியூஜோ டீசல் போடுவது. மவுண்டிங், கியர்பாக்ஸ், சைலன்சர் எல்லாம் முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் வாரக்கணக்கில் இழுத்தடிப்பது முன்பக்கத்துப் புல்லிகள்தான். கிராங்க் (என்ஜினின் சுழல்தண்டு) சுற்றுவதை பெல்ட் வழியாக வாட்டர் பம்புக்கும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் கொண்டுபோவது இவைதான். காரணம் எளிது. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் என்ஜினில் கிராங்க் புல்லி ஒரு வண்டியுடையது, வாட்டர் பம்ப் புல்லி இன்னொன்றுடையது, ஆல்டர்னேட்டர் ஏதோ ஒரு மாருதியுடையது.

என்ஜினை இன்னும் வாங்கவில்லை என்றால் கிராங்க் புல்லி, பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர், அதன் பிராக்கெட், அட்ஜஸ்டிங் பட்டை, போல்ட், வாஷர் அத்தனையையும் அதே என்ஜினிலிருந்து ஒரே செட்டாகக் கேட்டு வாங்குங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் கீழே உள்ளதில் உங்கள் அறிகுறியைத் தேடிப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர், ஒன்றரை அடி நீள 10 மி.மீ. பிரைட் பார் (வழவழப்பான, நேரான உருட்டுக் கம்பி), தையல்காரர் டேப், மல்டிமீட்டர், சாக்பீஸ், தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில். டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் அளவி) இரவல் கிடைத்தால் நல்லது. என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டியதைத் தள்ளி நின்று பாருங்கள். தோளில் துண்டையும் இடுப்பில் மடித்த வேட்டியையும் வைத்துக்கொண்டு பெல்ட் பக்கம் குனிய வேண்டாம். பெல்ட், புல்லியை அளப்பது எல்லாமே சாவியைக் கழற்றிய பிறகு.

முதலில்: உங்களிடம் இருப்பது எந்த பெல்ட்?

மேல் அகலத்தை வெர்னியரில் பிடியுங்கள். 10 மி.மீ. என்றால் கார் வகை ஒல்லி வி-பெல்ட். 13 என்றால் இரண்டில் ஒன்று: கார் வகை 13, அல்லது மோட்டார் பம்ப் கடையில் விற்கும் ஏ செக்ஷன். 17 என்றால் பி செக்ஷன், காருக்கு வேண்டாம். தட்டையாக, உள்பக்கம் நீள வரிகளோடு இருந்தால் பிகே வகை. 6பிகே 1255 என்றால் ஆறு வரி, நீளம் 1255 மி.மீ.

நீளம் சொல்வதில் ஒரு குழப்பம் உண்டு. ஏ-36 என்பதில் 36 அங்குலம் உள்சுற்று அளவு. கார் பெல்ட்டில் 10×925 என்று அடித்திருந்தால் 925 வெளிச்சுற்று. 8 மி.மீ. தடிமனுள்ள பெல்ட்டில் உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் சுமார் 50 மி.மீ. வித்தியாசம் வரும். கடைக்காரர் எதை எடுத்துத் தருகிறார் என்று பார்க்காமல் வாங்கினால் இரண்டாம் முறையும் பஸ் ஏற வேண்டியதுதான்.

அறிகுறி 1: ஸ்டார்ட் செய்ததும் அல்லது ஹெட்லைட் போட்டதும் நீளமாகக் கீச்சிடுகிறது

பெல்ட் வழுக்குகிறது. ஓடும் என்ஜினில் பெல்ட்டின் உள்பக்கம் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை, இந்த அறிகுறியிலேயே தொடருங்கள். சத்தம் சில நொடி நின்று மறுபடி வந்தால் நேர்க்கோடு தவறியிருக்கிறது, அறிகுறி 2-க்குப் போங்கள்.

*இறுக்கம்.* நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் வி-பெல்ட் 10 முதல் 12 மி.மீ. வரை இறங்க வேண்டும். புது பெல்ட் அரைமணி நேரம் ஓடியதும் தளரும். ஒருமுறை இறுக்கி, 500 கி.மீ. ஓட்டிய பின் மறுபடியும் பாருங்கள். சத்தம் போகவில்லையே என்று கடப்பாரை வைத்து நெம்பி வீணைக் கம்பிபோல் இறுக்கினால் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் முன் பேரிங்கும் போகும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர் சொட்டினால் அது நடந்துவிட்டது என்று பொருள்.

*பெல்ட் புல்லியின் அடியைத் தொடுகிறதா?* இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. பெல்ட்டைக் கழற்றிப் புல்லிக் காடிக்குள் (பெல்ட் உட்காரும் பள்ளம்) டார்ச் அடியுங்கள். வி-பெல்ட் இழுப்பது பக்கச் சுவரால், அடியால் அல்ல. சுவர் இரண்டும் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்து, அடிப்பகுதி துருவோடோ தூசியோடோ இருந்தால் எல்லாம் சரி. அடிப்பகுதி கண்ணாடிபோல் மின்னினால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கியிருக்கிறது. ஒன்று, 13 மி.மீ. காடியில் 10 மி.மீ. பெல்ட் போட்டிருக்கிறீர்கள். அல்லது காடி தேய்ந்துவிட்டது. பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்போடு மட்டமாக, மிஞ்சினால் ஒரு மி.மீ. வெளியே நிற்க வேண்டும். உள்ளே முழுகினால் தப்பு. தேய்ந்த காடியில் புது பெல்ட் போட்டால் ஒரு மாதம் அமைதி, அவ்வளவுதான்.

*சுற்றுப் பிடிப்பு.* ஆல்டர்னேட்டர் புல்லியைப் பெல்ட் மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 120 டிகிரி தழுவ வேண்டும். அதைவிடக் குறைவானால் ஆல்டர்னேட்டரை நகர்த்தவோ, சுற்றுப்பாதையில் ஒரு ஐட்லர் புல்லி (பெல்ட்டைத் திருப்பிவிட மட்டும் சும்மா சுற்றுவது) சேர்க்கவோ வேண்டும்.

*ஆல்டர்னேட்டர் அல்லது பம்ப் இறுக்கம்.* பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள். கரகரப்போ, ஒரே இடத்தில் பிடிப்போ இருந்தால் பேரிங் மாற்றும் வேலை. ஆல்டர்னேட்டர் என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் கீச்சிட்டால் என்ஜினுக்கு அடியில் இருந்த மண் தடுப்புத் தகட்டைத் தேடுங்கள். மாற்றும்போது கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாயில் ஓடும் வண்டிக்கு அது கட்டாயம். பெல்ட்டில் சோப்புத் தேய்ப்பதும் பவுடர் தூவுவதும் சத்தத்தை ஒரு நாள் மறைக்கும், பிறகு ரப்பரைக் கெடுக்கும்.

அறிகுறி 2: சிட்டுக்குருவிபோல் விட்டுவிட்டுச் சத்தம், பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது, பானட்டுக்கு அடியில் கறுப்புத் தூள்

புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. என்ஜின் மாற்றிய வண்டிகளில் பாதிக் கோளாறு இதுதான்.

எப்படி அளப்பது? புல்லி விளிம்புகளை ஒட்டி மட்டப்பலகை வைத்துப் பார்ப்பது இங்கே ஏமாற்றும். வெவ்வேறு என்ஜின்களிலிருந்து வந்த புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறு வேறு. விளிம்பு நேராக இருந்தும் காடி 3 மி.மீ. தள்ளியிருக்கும். 10 மி.மீ. பிரைட் பாரை கிராங்க் புல்லியின் காடிக்குள் படுக்க வைத்து, மறுமுனையை ஆல்டர்னேட்டர் காடியை நோக்கி நீட்டுங்கள். பார் அந்தக் காடியின் நடுவில் தானாக விழ வேண்டும். ஒரு சுவரை உரசினால் எவ்வளவு விலகல் என்பதை அங்கேயே அளந்துகொள்ளலாம். அடுத்து அதே சோதனை கிராங்க்கிலிருந்து பம்புக்கு. ஒரு அடி இடைவெளிக்கு ஒன்றரை மி.மீ. விலகல் வரை பெல்ட் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தின்னும்.

பார் காடியில் கோணலாக உட்கார்ந்தால் புல்லி தள்ளியில்லை, சாய்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் பிராக்கெட் முறுக்கியிருக்கும். எத்தனை வாஷர் போட்டாலும் அது தீராது. பிராக்கெட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

விலகலைத் தீர்க்கும் வழி, செலவு குறைந்ததிலிருந்து:

3 மி.மீ. வரை என்றால் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வாஷர். எல்லா போல்ட்டிலும் ஒரே தடிமன்.

3 முதல் 10 வரை என்றால் வாஷர் அடுக்காதீர்கள், அது போகப்போக நசுங்கித் தளரும். லேத்தில் இரும்பு புஷ் கடைந்து போடுங்கள். போல்ட்டையும் அதே அளவு நீளமாக்க மறக்க வேண்டாம்.

ஆல்டர்னேட்டர் உள்ளே வர வேண்டும், ஆனால் பிளாக் தடுக்கிறது என்றால் அதன் புல்லியை மாற்றுவது மலிவு. ஷாஃப்ட் விட்டம் 15 அல்லது 17 மி.மீ. ஆக இருப்பது வழக்கம். கழற்றி அளந்துகொண்டு பழைய புல்லிக் கூடையில் காடி ஆழம் வேறாக உள்ளதைத் தேடலாம். சில டீசல் வண்டி ஆல்டர்னேட்டரில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் புல்லி இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சாதா புல்லி போட்டால் ஐட்லிங்கில் பெல்ட் துடிக்கும்.

கிராங்க் புல்லியை ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுவது கடைசி வழி. பெல்ட் இழுக்கும் இடம் பேரிங்கை விட்டு விலக விலக முன் ஆயில் சீலுக்குச் சுமை கூடும். மற்ற இரண்டையும் கிராங்க்கிற்கு ஏற்ப நகர்த்துங்கள். கிராங்க்கை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

பிகே பெல்ட் என்றால் இதெல்லாம் செய்வதற்கு முன், பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடக்கிறது. தென்னை நார்த் தூசி பறக்கும் ஊரில் வரிகளுக்குள் நார் அடைத்துக்கொண்டும் சத்தம் வரும். காய்ந்த பல்துலக்கும் பிரஷ் போதும்.

அறிகுறி 3: பெல்ட் புரண்டு கழன்றுவிடுகிறது

புல்லி விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவுங்கள். கழற்றும்போது சுத்தியல் பட்டு உடைந்த இடம் இருந்தால் அதுவே பெல்ட்டைத் தூக்கி எறியும். அடுத்து அறிகுறி 2-இல் உள்ள பார் சோதனை.

இரண்டும் சரியாக இருந்தும் மேடேறும்போதோ, கிளட்ச் விடும்போதோ மட்டும் கழன்றால் எது எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆல்டர்னேட்டரோ ஏசி கம்ப்ரஸரோ சேஸிஸில் மாட்டியிருந்தால் கதை முடிந்தது. என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், சேஸிஸ் ஆடாது. ஐட்லிங்கில் நேர்க்கோடு அச்சாக இருக்கும், வால்பாறை ஏற்றத்தின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிரண்டு தாண்டியதும் பெல்ட் கீழே கிடக்கும். பெல்ட் தொடும் எல்லாமே என்ஜின் பிளாக்கில்தான் மாட்டப்பட வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

ஒற்றைப் பட்டைத் தகட்டில் செய்த அட்ஜஸ்டரும் சந்தேகத்துக்குரியது. என்ஜினை ஒருவர் ரைஸ் செய்ய, இன்னொருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். பட்டை கண்ணுக்குத் தெரிந்து அதிர்ந்தால் 6 மி.மீ. தகட்டில் புதிதாக வெட்டிப் போடுங்கள்.

அறிகுறி 4: சார்ஜ் லைட் அணையவில்லை, இரவில் ஓட்டினால் பேட்டரி இறங்குகிறது

மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும்.

ஐட்லிங்கில் குறைவு, ரைஸ் செய்தால் சரியாகிறது என்றால் ஆல்டர்னேட்டர் நல்லது, புல்லி அளவுதான் தவறு. பழைய டைனமோவின் பெரிய புல்லியைக் கழற்றி ஆல்டர்னேட்டரில் போட்டுவிடுவதுதான் வழக்கமான காரணம். கணக்கு இதோ: கிராங்க் புல்லி விட்டத்தை ஆல்டர்னேட்டர் புல்லி விட்டத்தால் வகுங்கள். 140-ஐ 93-ஆல் வகுத்தால் ஒன்றரை. 750 ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் 1125 சுற்றுதான் சுற்றும், உருப்படியாக எதுவும் தராது. 60 மி.மீ. புல்லி போட்டால் 2.33 மடங்கு, 1750 சுற்று. 5500-இல் என்ஜின் கத்தினாலும் ஆல்டர்னேட்டர் 12,800 சுற்றைத்தான் தொடும், தாங்கும். 60-க்குக் கீழே இறங்க வேண்டாம். அத்தனை சிறிய வட்டத்தில் வி-பெல்ட் வளைந்து வளைந்து வெடித்துவிடும்.

ரைஸ் செய்தும் ஏறவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறதா பாருங்கள், பிறகு ஆட்டோ எலக்ட்ரீஷியன். டைனமோ காலத்து வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் கொடுத்திருக்கிறதா என்பதை ஆல்டர்னேட்டர் வயரைத் தொடும் முன்னரே பார்த்துவிடுங்கள். அப்படி இருந்து அப்படியே இணைத்தால் டையோடு அந்த நொடியே போய்விடும்.

புல்லி அளவு மாறினால் பெல்ட் நீளமும் மாறும். பழைய பெல்ட் ஒன்றை வெட்டிப் புல்லிகளில் சுற்றி, ஆல்டர்னேட்டரை அட்ஜஸ்டர் காடியின் உள்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி, தையல்காரர் டேப்பை பெல்ட்டின் மேலாக ஓட்டி அளந்தால் வெளிச்சுற்று நேராகக் கிடைக்கும். இரண்டே புல்லி என்றால் கணக்காகவும் போடலாம்: மைய இடைவெளியின் இருமடங்கு, விட்டங்களின் கூட்டுத்தொகையை 1.57-ஆல் பெருக்கியது, விட்ட வித்தியாசத்தின் வர்க்கத்தை நான்கு மடங்கு மைய இடைவெளியால் வகுத்தது, மூன்றையும் கூட்டுங்கள். 140-ம் 65-ம் 300 இடைவெளியில் இருந்தால் 600 + 322 + 5, ஆக 927. கடையில் 925 கேளுங்கள்.

அறிகுறி 5: புது ரேடியேட்டர் போட்டும் ஹீட் ஆகிறது

தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று செலவு செய்யும் முன் இரண்டு சோதனை. ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். என்ஜின் ஓடும்போது தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஃபேனின் இதழ்ச் சாய்வு அது சுற்றும் திசைக்குப் பொருந்தவில்லை. ஒட்டினால், பம்ப் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள்.

இந்த இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிகே பெல்ட் வரும் சில என்ஜின்களில் பெல்ட்டின் முதுகு பம்பைச் சுற்றும். அதாவது கிராங்க்குக்கு எதிர்ப்பக்கம். அந்த என்ஜினை வி-பெல்ட்டுக்கு மாற்றினால் பம்ப் கிராங்க் சுற்றும் பக்கமே சுற்றும். இம்பெல்லருக்கு (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) அது தலைகீழ். தண்ணீர் ஓடுவதுபோல் தெரியும், ஆனால் போதாது. ஊரில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, மேட்டில் முள் சிவப்பைத் தொடும். பம்பைக் கழற்றி இம்பெல்லரைப் பாருங்கள். இதழ் வளைந்திருந்தால் அதன் நுனி, சுற்றும் திசைக்குப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். முன்னால் சாய்ந்திருந்தால் பம்ப் தலைகீழாக ஓடுகிறது. தீர்வு, அந்த என்ஜினின் வி-பெல்ட் கால பம்ப் கிடைத்தால் அதைப் போடுவது. கிடைக்காவிட்டால் முழு பிகே செட்டுக்கே திரும்புவது.

திசை சரி என்றால் பம்ப் புல்லி கிராங்க் புல்லியைவிடப் பெரிதாகிவிட்டதா என்று அளந்து பாருங்கள். ஏறக்குறைய சம அளவு இருப்பது நல்லது. ஃபேன் நுனிக்கும் ரேடியேட்டருக்கும் 20 மி.மீ.யாவது இடைவெளி விடுங்கள்.

அறிகுறி 6: கிராங்க் புல்லி அவுட் அடிக்கிறது (சுற்றும்போது கோணி ஆடுகிறது), முன்பக்கம் டக் டக் என்று தட்டுகிறது, நடு போல்ட் தளர்கிறது

சத்தம் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஒரு கம்பியைப் பிளாக்கில் கட்டி நுனியைப் புல்லி விளிம்புக்கு அருகே நிறுத்தி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெட்ரோலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இலகு. டயல் கேஜில் 0.2 மி.மீ.க்கு மேல் ஆடினால் கழற்றிப் பாருங்கள்.

*அழுக்கு.* புல்லி உட்காரும் முகத்தில் பெயின்ட், துரு, பிசிறு இருந்தாலே ஆடும். உப்புத்தாளில் துடைத்து மறுபடி போட்டு அளந்து பாருங்கள்.

*போல்ட் அடியில் முட்டுகிறது.* ஸ்பேசரை எடுத்துவிட்டோ, மெல்லிய புல்லி போட்டோ பழைய போல்ட்டையே இறுக்கினால், போல்ட் துளையின் அடியில் முட்டி இறுகிவிடும். கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும், புல்லியோ தளர்ந்து நிற்கும். துளை ஆழத்தை அளந்து, வாஷர் தடிமனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஸ்பேசர் போட்டதால் மரை நாலே சுற்றுதான் பிடித்திருக்கும். 14 மி.மீ. போல்ட்டுக்கு 20 மி.மீ.யாவது மரை பிடிக்க வேண்டும். இறுக்கும் முறுக்கு அளவு (டார்க்), அந்த என்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி.

*அடாப்டர் மையம்.* கடைந்த அடாப்டரில் போல்ட் துளைகள் புல்லியை மையப்படுத்தாது. நடுத்துளையும் அதில் உட்காரும் உயர்ந்த வளையமும்தான் மையப்படுத்தும். வளையம் இல்லாமல் வெறும் நான்கு போல்ட்டில் நிற்கும் அடாப்டர் எத்தனை அழகாகக் கடைந்திருந்தாலும் ஆடும்.

*ரப்பர்.* இரண்டு துண்டாக, நடுவில் ரப்பர் வளையத்தோடு இருக்கும் புல்லி வெறும் புல்லி அல்ல, அதிர்வடக்கி. மையப் பகுதியிலிருந்து வெளி வளையம் வரை சாக்பீஸால் ஒரே கோடு போட்டு, தட்டும் சத்தம் இல்லாவிட்டால் மட்டும் கால்மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கோடு முறிந்தால் ரப்பர் விட்டுவிட்டது. அதைக் கழற்ற மூன்று கால் புல்லரை (புல்லியை இழுத்தெடுக்கும் கருவி) விளிம்பில் போட்டால் நல்ல ரப்பரும் கிழியும், மையத்தின் மரைத் துளைகளில் பிடிக்கும் புல்லரே வேண்டும். இதற்குப் பதில் லேத்தில் ஒரே துண்டுப் புல்லி கடைந்து போடுவது, குறிப்பாக டீசலில், கிராங்க் ஷாஃப்டைப் பணயம் வைக்கும் வேலை.

*சாவி, சாவிக்காடி, கிராங்க் மூக்கு.* இங்கே சாவி என்பது புல்லியை கிராங்க்கோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டு, கிராங்க் மூக்கு என்பது புல்லி உட்காரும் தண்டின் முனை. சாவி வெட்டுப்பட்டிருந்தால் புதிது போடலாம். கிராங்க் மூக்கில் காடி அகன்றிருந்தாலோ, மூக்கு தேய்ந்து புல்லி கையாலேயே ஏறினாலோ அத்தோடு நிறுத்துங்கள். கோவையில் கிராங்க் கிரைண்டிங் செய்யும் பட்டறையில்தான் அதற்கு வழி. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி 7: புல்லி மாற்றிய பின் டைமிங் பிடிபடவில்லை

புல்லியில் உள்ள டைமிங் குறி வேறு இடத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. முதல் சிலிண்டர் பிளக் துளையில் தடுப்பு போல்ட் ஒன்றைப் போட்டு, கையால் மெதுவாக வலப்பக்கம் முட்டும் இடத்தில் ஒரு கோடு, இடப்பக்கம் முட்டும் இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே வருவதுதான் மேல் மையம், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். 140 மி.மீ. புல்லியின் சுற்றளவு 440, ஆகவே ஒரு டிகிரிக்கு 1.22 மி.மீ., 10 டிகிரிக்கு 12.2. அளந்து வெள்ளைப் பெயின்ட் வையுங்கள். டீசலில் இந்த வேலையை டீசல் பம்ப் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

புதிதாகக் கடைய வேண்டிவந்தால் டர்னரிடம் சொல்ல வேண்டியவை

கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவர்கள் கை பழகியது மோட்டார் புல்லியில். கடையில் தொங்கும் வார்ப்பிரும்பு மோட்டார் புல்லியைக் கடைந்து என்ஜினுக்கு ஏற்ப மாற்றலாம் என்பார்கள். சாதா வார்ப்பிரும்புப் புல்லியின் விளிம்பு வேகம் நொடிக்கு 33 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 150 மி.மீ. புல்லி 5000 சுற்றில் 39 மீட்டரைத் தாண்டும். சிதறினால் பானட்டைக் கிழித்துக்கொண்டு வரும். கிராங்க்குக்கு இ.என்.8 இரும்பு வாங்கிக் கொடுங்கள்.

கார் வகை வி-பெல்ட் காடியின் கோணம் 36 டிகிரி. காடிச் சுவரில் கத்தி வரி நகத்தில் தட்டக்கூடாது. பிகே புல்லி என்றால் வரிக்கு வரி 3.56 மி.மீ. "மூணரை போட்டுக்கலாம்" என்று சுருக்கினால் ஆறாவது வரி 0.3 மி.மீ. விலகி, ஓரவரி ரப்பர் உரிந்து வரும். நடுத்துளையும் காடியும் ஒரே பிடியில், புல்லியைத் திருப்பி மாட்டாமல் கடைய வேண்டும். வரைபடத்தில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். முடிந்ததும் பேலன்சிங் செய்து வாங்குங்கள்.

வண்டி டி.என்.41 ஆனாலும் கே.எல்.9 ஆனாலும் மாற்றிய என்ஜின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். என்ஜின் வாங்கிய பில்லைப் புல்லி வாங்கிய பில்லோடு சேர்த்து டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.